என்ன வகைப் படம் என்று முதல் நிமிடத்திலேயே சொல்வது எப்படி?

குறும்படம் எடுக்கிறவர்களிடம் முதலில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: தாமரைக் கோபுரத்தை ட்ரோனில் சுற்றிக் காட்டிப் படத்தைத் தொடங்காதீர்கள். கதை கொழும்பில் நடக்கிறது என்று தெரியும், ஆனால் அது பேய்ப்படமா காதல் படமா என்று தெரியாது. படம் தொடங்கியதும் பார்க்கிறவருக்குத் தெரியவேண்டியது, பயப்படவேண்டுமா, சிரிக்கலாமா, பொறுமையாக உட்காரவேண்டுமா என்பதுதான். என் கருத்தில் அதைச் சொல்லும் வேலையைச் சத்தத்திடம் கொடுக்கவேண்டும், அதனால் ஷாட்டை எழுத முன்னமே என்ன கேட்கப்போகிறது என்று எழுதிவிடுங்கள்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையை எடுத்துக்கொள்வோம். விடிகாலை, ஒரு அம்மா பாண் வாங்க கேற்றைத் திறக்கிறார், காட்சி அவ்வளவுதான். தெருத்தெருவாகப் பாண் விற்கும் சூன் பாண் ஆட்டோவின் அந்த பீத்தோவன் மெட்டு தூரத்திலிருந்து கிட்டக் கிட்ட வர, வீட்டுக்குள்ளிருந்து யாரோ "அம்மா, ரெண்டு மீன் பணிஸும் வாங்குங்கோ" என்று கத்தினால் அது குடும்பப் படம், சிரிக்கத் தயாராகிவிடுவோம். அதே ஷாட்டில் மெட்டு மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கட்டும், கிட்டவும் வராமல் தள்ளியும் போகாமல் ஒரே இடத்தில் நின்று திரும்பத் திரும்ப ஒலிக்க, அம்மா ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்க்கிறார், ஆட்டோவைக் காணோம். இப்போது அது திகில். சரி, மெட்டையே எடுத்துவிடுங்கள். கரையோர ரயில் கடந்து போகும் சத்தத்தை, அது தேய்ந்து கடல் இரைச்சல் மட்டும் மிஞ்சும்வரை வெட்டாமல் விட்டால், அந்த வீட்டிலிருந்து யாரோ போய்விட்டார்கள் என்று சொல்லாமலே புரியும்.

1975இல் வந்த 'ஜாஸ்' படத்தின் தொடக்கத்தில் சுறா கண்ணில் படுவதே இல்லை. இரவில் நீந்தும் பெண், தண்ணீருக்கு அடியிலிருந்து அவளைப் பார்க்கும் கெமரா, இசையமைப்பாளர் ஜோன் வில்லியம்ஸின் இரண்டே இரண்டு சுரங்கள், இவை போதுமாக இருந்தன.

அடுத்தது, எவ்வளவு நேரம் வெட்டாமல் இருப்பது என்பது. 'டச் ஆஃப் ஈவில்' (1958) படத்தில் ஒரு கை வெடிகுண்டுக்கு நேரம் வைத்து அதை ஒரு காரில் போடுகிறது, அப்புறம் மூன்று நிமிடத்துக்கும் மேலாக ஒரு வெட்டும் கிடையாது. கார் போகிறது, நிற்கிறது, மக்கள் பக்கத்தில் நடக்கிறார்கள், நமக்கு மட்டும் விஷயம் தெரியும். பதற்றம் வேண்டுமென்றால் இதைப் பின்பற்றுங்கள்: பாத்திரத்துக்குத் தெரியாத ஒன்றைப் பார்க்கிறவருக்குக் காட்டிவிட்டு, ஷாட்டை நீட்டுங்கள். நகைச்சுவைக்குப் பெரும்பாலும் நேர்மாறு, எதிர்பார்ப்பதற்குக் கொஞ்சம் முன்னமே வெட்டவேண்டும்.

வெளிச்சமும் டைட்டில் எழுத்தும் இதே மனநிலையில் இருந்தால் போதும். சோகக் கதைக்குத் துள்ளும் எழுத்து வேண்டாம்.

எடிட் முடிந்ததும் கதை தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு, திரையை மூடிவிட்டு முதல் நிமிடத்தின் சத்தத்தை மட்டும் போட்டு, என்ன வகைப் படம் என்று கேளுங்கள். இன்னொருவருக்குச் சத்தமில்லாமல் படத்தை மட்டும் காட்டிக் கேளுங்கள். இரண்டு பதிலும் வேறு வேறாக வந்து, அது நீங்கள் வேண்டுமென்றே செய்ததாக இருந்தால், தைரியமாக அப்படியே விடுங்கள். இல்லையென்றால் முதலில் சத்தத்தை மாற்றிப் பாருங்கள், அதற்காக விடிய எழும்பித் திரும்பவும் அந்த ஒழுங்கைக்குப் போய் எடுக்கத் தேவையில்லை.