லாரிப் பெட்டியை இரண்டு முறை கட்டிய கதை

மரக் கவாத்து வேலைக்காக லாரி வாங்கியதும், பின்பெட்டியின் பக்கப் பலகைகளை ஆள் உயரத்துக்கு ஏற்றினேன். கிளையும் தழையும் நிறையக் கொள்ளும் என்ற கணக்கு. தழைக்குச் சரிதான். ஒருநாள் அதே உயரத்துக்குப் பச்சைக் கட்டைகளை அடுக்கினோம். பின்சக்கரங்களுக்கு மேலே பாரம் தாங்கும் வில்பட்டைகள் வளைவே இல்லாமல் நிமிர்ந்துவிட்டன, முன்பக்கம் லேசாகி ஸ்டீயரிங் மிதந்தது. பச்சை மரம் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 800 முதல் 1000 கிலோ வரும். மெஷினில் அரைத்த சீவல் அதில் பாதிகூட இருக்காது. பலகையைக் குறைக்கவில்லை. உள்பக்கம் முழங்கால் உயரத்தில் ஒரு சிவப்புக் கோடு அடித்தேன். கட்டை அதைத் தாண்டக் கூடாது.

அப்புறம் கயிறு. ரம்பமும் பெட்ரோல் கேனும் இருந்த பெட்டியிலேயே ஏறும் கயிறும் கிடந்தது. ரம்பத்தின் செயின் ஆயில் ஊறி வழவழவென்றிருந்த கயிற்றில் தொங்க எனக்கு மனமில்லை, கழித்துப் போட்டேன். இப்போது கயிறுக்குக் கேபினுக்குப் பின்னால் காற்றோட்டமான தனி அலமாரி. ரம்பத்துக்கு இடுப்பு உயரத்தில், சாலையோரப் பக்கம் திறக்கும் இழுப்பறை. சொட்டும் எண்ணெய்க்கு அடியில் தகரத் தட்டு. ரம்பம் இருந்த அந்த முதல் பெட்டியின் கதவை வண்டிகள் பாயும் பக்கமாக வைத்திருந்தேன், எந்த நினைப்பிலோ!