“நல்ல புத்தகம் ஒன்று சொல்லுங்களேன்”: அடுத்த புத்தகத்தைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொஞ்சம் வாசிக்கிறவர் என்று தெரிந்தால் போதும், “ஒரு நல்ல புத்தகம் சொல்லுங்களேன்” என்று யாராவது கேட்டுவிடுவார்கள். ஆசையாகத்தான் கேட்கிறார்கள், பதிலும் ஆசையாகத்தான் வருகிறது. ஆனால் அப்படி வாங்கிய புத்தகங்களில் எத்தனையோ முப்பதாம் பக்கத்தில் பேருந்து டிக்கெட் செருகிய நிலையில் அலமாரியில் தூங்குகின்றன. சொன்னவர் மேலும் தப்பில்லை, எழுதியவர் மேலும் தப்பில்லை. இதற்கு முன் படித்ததில் எனக்கு எது பிடித்தது, ஏன் பிடித்தது என்று தன்னையே கேட்டுக்கொள்ளாமல் அடுத்ததைத் தேடக் கிளம்புகிறோமே, அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. மற்ற தவறுகளில் பெரும்பாலானவை இதன் கிளைகள்தான்.

‘பொன்னியின் செல்வ’னையே எடுத்துக்கொள்ளுங்கள். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்து ஐந்து பாகங்களாக நிற்கும் நாவல். தமிழில் பலருக்கும் முதலில் படித்து முடித்த பெரிய புத்தகம் அதுதான். முடித்த சூட்டோடு “இதே மாதிரி வேறு என்ன இருக்கு?” என்று கேட்டால் இன்னொரு சரித்திர நாவலைக் கையில் கொடுப்பார்கள். சிலருக்குச் சரியாக அமைந்துவிடும். பலருக்கு அமையாது, ஏனென்றால் அவர்களைப் பிடித்து இழுத்தது சரித்திரமே இல்லை. வந்தியத்தேவன் ஓலையைச் சுமந்துகொண்டு ஒரு ஆபத்திலிருந்து தப்பி அடுத்த ஆபத்தில் போய் விழுகிற அந்த ஓட்டம் பிடித்திருந்தால், அடுத்துப் படிக்க வேண்டியது அலெக்சாண்டர் டூமா 1844-ல் எழுதிய ‘த்ரீ மஸ்கட்டியர்ஸ்’. பழுவேட்டரையர்களும் சிற்றரசர்களும் நள்ளிரவில் கூடிச் செய்கிற சதியாலோசனை பிடித்திருந்தால், 1996-ல் வந்த ‘எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ நாவல் உங்களுக்கானது. உண்மையான சோழர்கள் எப்படி இருந்தார்கள் என்ற குறுகுறுப்பு மிஞ்சினால் நாவலை விட்டுவிட்டு நேராக நீலகண்ட சாஸ்திரியின் ‘சோழர்கள்’ வரலாற்று நூலுக்குப் போகலாம். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதுதான் உங்கள் தூக்கத்தைக் கெடுத்ததா? அப்படியானால் நீங்கள் மர்மக்கதை வாசகர், உங்களுக்கே இதுவரை தெரியாமல் இருந்திருக்கலாம்.

இந்தக் கடைசிக் கேள்விக்கு நிஜத்திலேயே ஒரு தடயம் இருக்கிறது. காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று ரவிதாசன், சோமன், பரமேஸ்வரன் ஆகியோரின் பெயர்களைச் சொல்லி, அவர்களுடைய, அவர்களைச் சேர்ந்தவர்களுடைய நிலங்கள் பறிக்கப்பட்டதைப் பேசுகிறது. எதற்காகக் கொன்றார்கள், பின்னால் யார் இருந்தார்கள் என்பதைச் சொல்லவில்லை. இதைப் படித்து உங்களுக்குச் சிலிர்த்தால் அந்தச் சிலிர்ப்பை நம்புங்கள், அது எந்தப் பரிந்துரைப் பட்டியலையும்விட நல்ல வழிகாட்டி.

அதனால் யாரிடமாவது கேட்கும்போது “நல்ல புத்தகம்” என்று கேட்காதீர்கள். “இந்தப் புத்தகம் பிடித்தது, அதில் ஊரைப் பற்றிய விவரிப்பு பிடித்தது, காதல் பகுதி இழுவையாக இருந்தது” என்று மூன்று வரி சொல்லிக் கேளுங்கள். நூலகராக இருந்தாலும் பழைய புத்தகக் கடைக்காரராக இருந்தாலும் அந்த மூன்று வரிக்குப் பிறகு வரும் பதிலே வேறு மாதிரி இருக்கும்.

அடுத்தது, விருதை நம்பி நுழைவது. விருது பெற்ற எழுத்தாளர் என்பது நல்ல குறிப்புதான், மறுக்கவில்லை. ஆனால் விருது பெற்ற அந்தப் புத்தகம்தான் அவரிடம் நுழைய வேண்டிய வாசல் என்று நினைத்தால் ஏமாறுவீர்கள். சாகித்ய அகாதமி அண்மையில் வெளிவந்த நூல்களையே கணக்கில் எடுக்கும், அதனால் எழுத்தாளரின் பெரிய படைப்பு ஒன்றாகவும் விருது பெற்றது வேறொன்றாகவும் இருப்பது சாதாரணம். கல்கிக்கு 1956-ல், அவர் மறைந்த பிறகு, ‘அலை ஓசை’க்காகக் கொடுத்தார்கள். தி. ஜானகிராமனுக்கு 1979-ல் கிடைத்தது ‘மோகமுள்’ளுக்காக அல்ல, ‘சக்தி வைத்தியம்’ சிறுகதைத் தொகுப்புக்காக. பாடலாலும் கவிதையாலும் ஊரறிந்த கண்ணதாசனுக்கு 1980-ல் ‘சேரமான் காதலி’ என்ற நாவலுக்கு! கி. ராஜநாராயணன் விருது வாங்கிய ‘கோபல்லபுரத்து மக்கள்’ இரண்டாவது புத்தகம், முதலில் படிக்க வேண்டியது ‘கோபல்ல கிராமம்’. விருதுப் பட்டியலில் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள், புத்தகத்தை நீங்கள் தேர்ந்தெடுங்கள்.

மர்மக்கதைக்கு வருவோம். இங்கே பெரிய தவறு, எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுவது. புதிரை அவிழ்க்கிற கதை வேறு, துரத்தல் கதை வேறு, யார் கொன்றது என்று முதலிலேயே சொல்லிவிட்டு எப்படி மாட்டுகிறான் என்று பார்க்க வைக்கிற கதை வேறு. சிரித்துக்கொண்டே படிக்க தேவனின் ‘துப்பறியும் சாம்பு’ இருக்கிறது. வேகமும் உரையாடலும் வேண்டுமென்றால் சுஜாதாவின் கணேஷ்-வசந்த். கோயில், சித்தர், பழைய சாபம் என்று அமானுஷ்யம் கலந்து வேண்டுமென்றால் இந்திரா சௌந்தர்ராஜன். பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்குகிற மாத நாவல்களை மட்டமாகப் பேசுவது நம்மிடம் ஒரு பழக்கமாகவே இருக்கிறது, எனக்கு அதில் உடன்பாடே இல்லை. ராஜேஷ்குமார் ஆயிரத்துக்கும் மேல் எழுதியிருக்கிறார், அத்தனையும் ஒரே தரத்தில் இருக்காதுதான், ஆனால் முதல் அத்தியாயத்திலேயே வாசகனைப் பிடித்து உட்கார வைக்கிற அந்தக் கைத்திறன் இலக்கியம் எழுதுகிற எத்தனையோ பேருக்கு வாய்க்காதது. ஒன்றைப் படித்துச் சுமாராக இருந்தது என்பதற்காக வகையையே ஒதுக்காதீர்கள்.

வரிசையில் கவனம் வேண்டும். எல்லாத் தொடருக்கும் வரிசை முக்கியம் இல்லை. கணேஷ்-வசந்த் கதைகளை எங்கிருந்து வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆனால் அதே சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வைப் படிக்காமல் ‘மீண்டும் ஜீனோ’வுக்குப் போகக்கூடாது. ஷெர்லாக் ஹோம்ஸை வெளிவந்த வரிசையில்தான் படிப்பேன் என்று 1887-ல் வந்த ‘எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்’டில் ஆரம்பிக்கிறவர்கள் பாதிக் கதையில் திடீரென்று அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் நின்று விழிப்பார்கள், ஹோம்ஸ் எங்கே போனார் என்றே தெரியாது. 1892-ல் வந்த முதல் சிறுகதைத் தொகுப்பில் தொடங்குவதுதான் நல்லது. அகதா கிறிஸ்டி வேண்டுமென்றால் 1926-ல் வந்த ‘த மர்டர் ஆஃப் ரோஜர் ஆக்ராய்டு’ நல்ல தொடக்கம். அதைப் பற்றி இணையத்தில் ஒரு வரிகூடத் தேடாதீர்கள், யாரிடமும் பேசாதீர்கள், அப்படியே படியுங்கள். மாறாக 1975-ல் வந்த ‘கர்ட்டன்’ கிறிஸ்டியின் துப்பறிவாளர் பாய்ரோவின் கடைசிக் கதை. அதை முதலில் படிப்பது, நண்பராகும் முன்பே ஒருவருக்கு விடைகொடுக்கப் போவதற்குச் சமம்.

மாயக்கதை, ஃபேன்டஸி என்றாலே அது வெளிநாட்டுச் சரக்கு அல்லது சின்னப்பிள்ளைகள் சமாச்சாரம் என்று ஒதுக்குவது இன்னொரு தவறு. மரத்தில் தொங்குகிற வேதாளத்தைத் தோளில் சுமந்துகொண்டு நடந்த விக்கிரமாதித்தன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம், 1947-ல் தொடங்கிய அம்புலிமாமா பல பத்தாண்டுகள் அதை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தது. புதுமைப்பித்தனின் ‘கபாடபுரம்’ பெரியவர்களுக்கான மாயக்கதைதான். அவருடைய ‘காஞ்சனை’ இருக்கிறதே, இரவில் தனியாகப் படித்துப் பாருங்கள், நடந்தது பேயின் வேலையா மனத்தின் வேலையா என்று கடைசிவரை தீர்ப்பே வராது.

சரி, வெளிநாட்டு ஃபேன்டஸிதான் வேண்டும் என்றால் தடிமனைப் பார்த்து வாங்காதீர்கள். டோல்கீனை ‘த சில்மரிலியன்’ வழியாக அணுகியவர்கள் பெயர்ப் பட்டியலில் தொலைந்து போவார்கள், 1937-ல் வந்த ‘த ஹாபிட்’டில் ஆரம்பியுங்கள். ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ முன்னுரைப் பகுதியில் ஹாபிட்கள் புகைக்கிற இலையைப் பற்றியெல்லாம் வரும், அதைத் தாண்டி நேராக முதல் அத்தியாயத்துக்குப் போனால் ஒரு நஷ்டமும் இல்லை. அர்சுலா லெ குவின் எழுதிய ‘எ விசார்ட் ஆஃப் எர்த்சீ’ 1968-ல் வந்தது, சிறிய புத்தகம், தன் நிழலுக்கே பயந்து ஓடுகிற ஒரு மந்திரவாதிப் பையனின் கதை, இந்த வகையை ஒரே புத்தகத்தில் சோதித்துப் பார்க்க அதைவிட நல்லது எனக்குத் தெரியாது. சி.எஸ். லூயிஸின் நார்னியா வரிசையை வாங்கினால் புத்தகத்தின் மேல் அச்சிட்ட எண்ணை நம்ப வேண்டாம். முதலில் எழுதப்பட்டது அலமாரி வழியாக வேறு உலகத்துக்குள் நுழைகிற, 1950-ல் வந்த கதைதான், இப்போது எண் 1 போட்டு வருவது 1955-ல் வந்த முன்கதை, அதை முதலில் படித்தால் அலமாரிக்குள் நுழைகிற ஆச்சரியம் போயே போச்சு. அப்புறம், முன்பு சொன்ன ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ வரிசையில் ஐந்தாவது புத்தகம் 2011-ல் வந்ததோடு நிற்கிறது. முடிவு தெரியாமல் தவிக்கிற ஆள் என்றால் அதை அறிந்தே இறங்குங்கள்.

கவிதையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் “கவிதை எனக்குப் புரியாது” என்று மனம் நொந்து விலகியவர்கள் அவ்வளவு பேர். பெரும்பாலும் நடப்பது இதுதான்: ஒரு கவிஞரின் மொத்தத் தொகுப்பை, அறுநூறு பக்கம், வாங்கிவிட்டு, நாவலைப் போல முதல் பக்கத்திலிருந்து ஒரே மூச்சில் படிக்க முயல்வது. நாற்பது பக்கத்தில் எந்தக் கவிதையும் மனத்தில் நிற்காமல் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். ஒரு நாளைக்கு இரண்டு போதும். ஒன்றை வாய்விட்டுப் படியுங்கள், பிடிக்கவில்லையா, பக்கத்தைப் புரட்டுங்கள், கவிதைத் தொகுப்பில் தாவிப் படிப்பது குற்றமே இல்லை.

சங்கக் கவிதையிலும் இதே கதை. பள்ளியில் மனப்பாடச் செய்யுளாகப் பார்த்த பயம் இருப்பதால் ஒருவர் தொடவே மாட்டார், இன்னொருவர் உற்சாகத்தில் நீண்ட பாடல்கள் கொண்ட அகநானூற்றில் போய் இறங்கிக் களைத்துவிடுவார். குறுந்தொகையில் தொடங்குங்கள், பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடிதான். 138-ஆம் பாடல், கொல்லன் அழிசி பாடியது, ஐந்தே அடி. ஊரே தூங்கிவிட்டது, நாங்கள் தூங்கவில்லை; வீட்டுக்குப் பக்கத்தில் மயிலின் காலடி போன்ற இலையுடைய நொச்சி மரத்திலிருந்து நீலப்பூக்கள் உதிர்கிற ஓசையைக் கேட்டுக்கொண்டே இருந்தோம். அவ்வளவுதான் பாடல். இப்போது துறையை, அதாவது யார் எந்தச் சூழலில் சொல்கிறார் என்ற குறிப்பைப் பாருங்கள்: நேற்றிரவு வருவதாகச் சொன்ன தலைவன் வரவில்லை, இன்று வந்து நிற்கிறான், தோழி அவன் காதில் விழும்படி இதைச் சொல்கிறாள். பூ உதிர்கிற சத்தம்கூடக் கேட்கிற அளவுக்கு விழித்திருந்தோம், நீ வந்திருந்தால் கேட்டிருக்காதா? ஒரு குற்றச்சாட்டு முழுவதும் பூவின் ஓசைக்குள் ஒளிந்திருக்கிறது. அதனால் உரையோடும் துறைக்குறிப்போடும் வந்த பதிப்பை வாங்குங்கள், ஆனால் முதலில் பாடலை இரண்டு தடவை படித்துவிட்டு, தெரிந்த சொற்களைப் பிடித்துக்கொண்டு நீங்களே கொஞ்சம் தடவிப் பார்த்துவிட்டு, பிறகு உரைக்குப் போங்கள். உரையை முதலில் படித்தால் விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போட்டது மாதிரி ஆகிவிடும்.

நவீன கவிதைக்குத் தனி ஒருவரின் தொகுப்பைவிடப் பலர் கூடிய தொகுப்பே நல்ல வாசல், யார் குரல் உங்களுக்கு ஒத்துவருகிறது என்று அதில்தான் தெரியும். ‘எழுத்து’ இதழ்க் கவிதைகளிலிருந்து சி.சு. செல்லப்பா 1962-ல் கொண்டுவந்த ‘புதுக்குரல்கள்’ அப்படிப்பட்டது. ஈழத்துக் கவிதைக்கு 1985-ல் வந்த ‘மரணத்துள் வாழ்வோம்’. அங்கே ஒரு குரல் பிடித்தால் அதன் பின்னால் போங்கள். நேரடியாக, மேடைப்பேச்சு இல்லாமல், கொஞ்சம் விளையாட்டும் வலியும் கலந்து வேண்டுமென்றால் ஞானக்கூத்தன், ஆத்மாநாம். கைப்பேசியில் படத்தோடு சுற்றிவரும் நான்கு வரிகளை மட்டும் பார்த்துவிட்டுத் தமிழ்க் கவிதை இவ்வளவுதான் என்று முடிவு கட்டுவது, இருக்கிற தவறுகளிலேயே எனக்கு அதிக வருத்தம் தருவது.

இனிச் சில நடைமுறை விஷயங்கள். முன்னுரை, அணிந்துரை, பதிப்புரை எல்லாவற்றையும் முதலில் படிக்காதீர்கள். நம் ஊர் அணிந்துரைகளுக்குக் கதையின் முடிவை வாயாரப் புகழ்கிற வழக்கம் உண்டு, நாவலை முடித்துவிட்டு அதற்கு வாருங்கள், அப்போது அவை உண்மையிலேயே நன்றாக இருக்கும். மொழிபெயர்ப்பு நூல் என்றால் மொழிபெயர்த்தவர் பெயரும் மூல நூலின் பெயரும் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டும் இல்லாத பதிப்பைக் கீழே வைத்துவிடுவது நல்லது. பழைய பெரிய நாவல் ஒன்று சந்தேகப்படும்படி மெலிந்திருந்தால் எங்காவது ‘சுருக்கம்’ என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும், தேடுங்கள்.

புத்தகக் காட்சியில் பத்து சதவீதக் கழிவைப் பார்த்துப் பை நிறைய அள்ளுவதற்குப் பதில், அரங்கிலேயே நின்று முதல் இரண்டு பக்கமும் நடுவில் ஒரு பக்கமும் படித்துப் பாருங்கள், யாரும் விரட்ட மாட்டார்கள். நடுப்பக்கம் முக்கியம், முதல் பக்கத்தில் எல்லோருமே கவனமாகத்தான் எழுதுவார்கள். படிக்கத் தொடங்கி ஐம்பது பக்கத்தில் ஒட்டவில்லையென்றால் மூடிவிடலாம், ஆனால் மூடும்போது எது ஒட்டவில்லை என்று கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு வரி குறித்துவையுங்கள், அடுத்த தடவை யாரிடமாவது கேட்கும்போது அந்த வரி உதவும்.

காசு கொடுத்துத்தான் சோதிக்க வேண்டும் என்றும் இல்லை. கல்கி, புதுமைப்பித்தன் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தளத்தில் ‘பொன்னியின் செல்வ’னும் குறுந்தொகையும் இலவசமாகக் கிடைக்கின்றன, ஈழத்து நூல்களுக்கு ‘நூலகம்’ என்ற இணையதளம் இருக்கிறது. அங்கே பத்துப் பக்கம் படித்துப் பாருங்கள், பிடித்துவிட்டால் நல்ல அச்சுப் பதிப்பாக வாங்கிக்கொள்ளலாம்.