தக்காளித் தூவிகளை உடைக்காமல் பார்ப்பது எப்படி

தக்காளிச் செடியைத் தொட்டால் விரலில் ஏறும் பிசுபிசுப்பும் நெடியும் இலைச்சாற்றினுடையவை அல்ல. தண்டிலும் இலையிலும் மயிர்போல் நிற்கும் சுரப்பித் தூவிகள் உடைந்து கொட்டியவை. தொட்டால் உடைவதுதான் அவற்றின் வேலை என்பதால், பார்க்கும்போது தொடவே கூடாது.

நுனிக்கு அருகில் 2 முதல் 3 செ.மீ. நீளமுள்ள இளம் இலையைக் காம்போடு நறுக்குங்கள். சாமணத்தால் காம்பின் வெட்டுமுனையை மட்டும் பிடியுங்கள். பின்னால் கறுப்புத் தாள் வைத்து, பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். தக்காளித் தூவிகளை வடிவத்தை வைத்து எண்ணிட்டு வகை பிரிப்பார்கள். 10 மடங்கு லென்ஸிலேயே 2, 3 மி.மீ. நீளமான முதல் வகைத் தூவிகள் தெரியும்.

நுண்ணோக்கிக்குக் காம்பில் 5 மி.மீ. துண்டு போதும். ஸ்லைடில் தண்ணீர் விடாமல், மூடுவில்லை என்ற மெல்லிய கண்ணாடியைப் போடாமல் கிடத்துங்கள். மூடுவில்லை சுரப்பிகளை நசுக்கிவிடும். மேலிருந்து வெளிச்சம் கொடுத்து 40, பிறகு 100 மடங்கில் பாருங்கள். அதற்கு மேல் போனால் லென்ஸ் தூவிகளில் இடித்து அழுக்காகும். சூடான விளக்கின் கீழ் துண்டு சீக்கிரம் வாடும், தாமதிக்காதீர்கள்.

தேட வேண்டியது ஆறாம் வகை: குட்டைக் காம்பின் மேல் நான்கு செல்கள் கொண்ட தலை. மேலிருந்து பார்த்தால் நான்கு உருண்டைகளை ஒட்டி வைத்ததுபோல் அவ்வளவு அழகாக இருக்கும். புறத்தோல் செல் ஒன்று புடைத்து, பிரிந்து அடி, காம்பு, தலை ஆகிறது. தலைச் செல் இரண்டு முறை பிரிந்து நான்காகிறது. அந்தச் செல்கள் தயாரிக்கும் டெர்பீன்கள் என்ற நெடியுள்ள பொருட்கள் செல்களுக்கு நடுவே உள்ள குழியில் சேர்கின்றன. பூச்சியின் கால் பட்டதும் தலை வெடிக்கும். உள்ளே இருந்தது காற்றுப் பட்டுப் பழுப்பாகி, சிறு பூச்சிகளை ஒட்டிப் பிடிக்கும். முதல், நான்காம் வகைகளின் நுனியில் ஊறும் பிசின் வேறு: சர்க்கரையோடு கொழுப்பு அமிலத் துண்டுகள் இணைந்த அசைல் சர்க்கரை.

நான்காம் வகையை வளர்ந்த இலையில் தேடி ஏமாறுகிறவர்கள் அதிகம். பயிர்த் தக்காளியில் அது விதையிலைகளிலும் முதல் சில இலைகளிலும்தான் நன்றாகத் தெரியும். விதைத்து முளைத்த நாற்றையே எடுங்கள்.

இரண்டு செடிகளின் தூவி அடர்த்தியை ஒப்பிட்டால், நுனியிலிருந்து அதே எண்ணில் உள்ள இலைகளை எடுங்கள். இலை விரியும்போது தூவிகள் விலகி நிற்கும். முதிர்ந்த இலையில் எண்ணிக்கை குறைவாகத் தெரிவது அதனால்தான். புழு கடித்த செடியையும் சேர்க்காதீர்கள். கடிபட்டதும் ஜாஸ்மோனிக் அமிலம் என்ற தற்காப்பு ஹார்மோன் செடியில் பெருகுவதால், அடுத்து வரும் இலைகளில் ஆறாம் வகை கூடுதலாக முளைக்கும்.