தாத்தா கல்யாணப் பதிவுல பேர் மாறியிருந்தப்போ நான் பண்ணது

அப்பாவோட பாகப்பிரிவினைக்கு தாத்தா பாட்டி கல்யாணப் பதிவு தேவைப்பட்டுச்சு. எங்க புதுச்சேரியில 1954க்கு முன்னாடி பிரெஞ்சு ஆட்சிதானே, அதனால பதிவும் பிரெஞ்சுலதான், கையெழுத்துல. நகலை வாங்கிப் பாத்தா தாத்தா பேர் சுப்புராயன்னு தேடுனவனுக்கு 'எஸ் ஓ யு பி ஆர் ஏ ஒய் இ என்'னு கெடக்கு, பாட்டி லட்சுமி 'எல் ஏ டி சி எச் ஓ யு எம் ஒய்'. வேற யாரோ ஜோடின்னு ஒரு வாரம் ஓரமா வச்சிட்டேன், மடத்தனம்.

தெருக்கோடியில இருக்குற ரிட்டயர்ட் பிரெஞ்சு வாத்தியார்தான் "தம்பி, கண்ணால படிக்காத, வாயால படி"ன்னாரு. பிரெஞ்சுல 'ஓ யு' சேந்தா 'ஊ' சத்தம், 'ச்' வேணும்னா 'டி சி எச்' போடுவாங்களாம். சத்தமா படிச்சா அப்படியே சுப்புராயன், லட்சுமி!

இன்னொரு குழப்பம், தாத்தாவோட அப்பா பேரு குடும்பப் பேர் மாதிரி சேந்து ஒட்டியிருந்துச்சு, நாம இனிஷியலா போடுறத. அதையும் பிரிச்சு எழுதி, மாப்பிள்ளை பொண்ணு ரெண்டு பேரோட அப்பா அம்மா பேர், ஊர், வயசு எல்லாத்தையும் குடும்பத்து பழைய பத்திரத்தோட ஒப்பிட்டேன், பாட்டி வயசு தவிர எல்லாம் ஒத்துப்போச்சு.

ஆனா ஆபீஸ்ல "எழுத்து மாறுது சார்"னு திருப்பி விட்டாங்க, ரெண்டு தடவ. அப்புறம் பதிவோட தமிழ் மொழிபெயர்ப்பு, ரெண்டு விதமா எழுதுன பேரும் ஒரே ஆளோடதுதான்னு நோட்டரி அஃபிடவிட், பழைய பத்திர நகல் மூணையும் சேத்துக் குடுத்தேன், வாங்கிக்கிட்டாங்க. பாட்டி வயசு மட்டும் ரெண்டு வருஷம் கூடுதலா இருக்கு, அத யாரும் கேக்கல, நானும் வாயத் தொறக்கல.