எல் நினோ வந்தால் புயல் குறையுமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இது எல் நினோ வருஷம், புயல் குறைவாகத்தான் வரும்" என்று பலரும் சொல்வதைக் கேட்கிறேன். நிலநடுக்கோட்டையொட்டிய மத்திய, கிழக்கு பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவதுதான் எல் நினோ. சரி, எந்தக் கடலில் குறையும்? அதைச் சொல்லாமல் விடுவதுதான் முதல் தவறு. எல் நினோ காலத்தில் பொதுவாக அட்லாண்டிக்கில் புயல்கள் குறையும். கிழக்கு, மத்திய பசிபிக்கிலோ கூடும். அதே பசிபிக் பகுதி வழக்கத்தைவிடக் குளிரும் லா நினா வந்தால் பெரும்பாலும் தலைகீழ்.

அப்புறம், எல்லாவற்றுக்கும் கடலின் சூட்டையே காரணமாகச் சொல்வது. கடல் மேற்பரப்பு சுமார் 26.5 டிகிரி செல்சியஸாவது இருக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் மேலே வீசும் காற்றும் ஒத்துழைக்க வேண்டும். எல் நினோவின்போது பசிபிக்கின் மழைமேகங்கள் கிழக்கே நகர்கின்றன. அதன் விளைவாக, அட்லாண்டிக்கின் வெப்பமண்டலப் பகுதியில் உயரே மேற்குக் காற்று வலுக்கிறது. கீழேயோ கிழக்குக் காற்று. உருவாகத் தொடங்கும் புயலின் தலை ஒரு பக்கமும் அடிப்பகுதி இன்னொரு பக்கமும் இழுபட்டால் அது எப்படி நிமிர்ந்து நிற்கும்? பெரும்பாலும் சிதைந்துவிடுகிறது.

இதையும் மாறாத விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2023இல் வலுவான எல் நினோ இருந்தது. ஆனால் அட்லாண்டிக் அதுவரை காணாத அளவுக்குச் சூடாக இருந்ததால், அங்கே 20 புயல்கள் உருவாயின. எல் நினோ வாய்ப்பைக் கூட்டும், குறைக்கும். தனி ஒரு புயலை அது தீர்மானிப்பதில்லை.

எனக்கு மிகவும் கவலை தருவது, எண்ணிக்கை குறைந்தால் ஆபத்தும் குறையும் என்ற நம்பிக்கை. 1992இல் அட்லாண்டிக்கில் பெயர் சூட்டப்பட்ட புயல்கள் வெறும் 6. அவற்றில் முதலாவது ஆகஸ்டில்தான் வந்தது. அதுதான் ஆண்ட்ரூ. மிக உயர்ந்த ஐந்தாம் வகைப் புயலாக ஃப்ளோரிடாவைத் தாக்கி நொறுக்கியது.

பருவக் கணிப்பைப் பார்த்து அடுத்த வாரத்தை முடிவு செய்வதும் தவறு. வாரக் கணக்கிலான ஏற்ற இறக்கத்துக்கு மேடன்–ஜூலியன் அலைவைக் கவனிக்க வேண்டும். 1971இல் அடையாளம் காணப்பட்ட இந்த மழைமேகத் திரள், சுமார் 30 முதல் 60 நாட்களில் வெப்பமண்டலத்தைச் சுற்றி வருகிறது. அது ஒரு கடலைக் கடக்கும்போது அங்கே அடுத்தடுத்துப் புயல்கள் பிறக்கலாம். விலகிப் போனால் பரபரப்பான பருவத்திலும் சில வாரம் அமைதிதான்.

பசிபிக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தியப் பெருங்கடல் ஏமாற்றிவிடும். 2019இன் பிற்பகுதியில் வலுவான எல் நினோ எதுவும் இல்லை. ஆனால் இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பக்கம் சூடாகி, கிழக்குப் பக்கம் குளிர்ந்திருந்தது. நேர்மறை இருமுனை நிலை என்பது இதைத்தான். அந்த அக்டோபர் கடைசியில் கியார், மகா என்ற இரண்டு புயல்கள் ஒரே சமயத்தில் அரபிக்கடலில் சுழன்றுகொண்டிருந்தன.