காற்று மாசும் ஆஸ்துமாவும்: ஆர் மொழியில் முதல் மாடல் போடுவது எப்படி?

காற்று கெட்டிருக்கும் நாட்களில் வீசிங் என்று அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவர்கள் கூடுகிறார்களா? கையில் இருப்பது இரண்டு பட்டியல்தான்: நாள்வாரியாக மாசு, நாள்வாரியாக நோயாளிகள். இதை ஆர் என்ற புள்ளியியல் கணினி மொழியில் எப்படிப் பார்ப்பது என்று எழுதுகிறேன். ஆர் நிறுவுவது, ஃபைலைத் திறப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

பயிற்சிக்கு சிகாகோ

ஆஸ்துமாவின் அன்றாடக் கணக்கு பொதுவெளியில் எளிதில் கிடைக்காது. அதனால் ஆரில் டிஎல்என்எம் என்ற பேக்கேஜை நிறுவுங்கள். அதற்குள்ளேயே சிகாகோவின் 1987 முதல் 2000 வரையிலான டேட்டா இருக்கிறது: அன்றாட மரணங்கள், அதில் மூச்சுக்கோளாறால் நேர்ந்தவை, வெப்பநிலை, பிஎம் 10 (10 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்தூசி), ஓசோன். பிறகு மரணப் பத்தியின் இடத்தில் உங்கள் ஆஸ்துமா எண்ணிக்கையை வைத்தால் வழிமுறை அதேதான். பைத்தானிலும் செய்யலாம். ஆனால் லேக் (மாசின் விளைவு சில நாள் தள்ளி வருவது), ஸ்ப்லைன் (டேட்டாவோடு வளைந்து செல்லும் கோடு) இரண்டுக்கும் ஆர் அளவுக்கு வசதி வேறெங்கும் இல்லை என்பது என் கருத்து. உங்கள் ஃபைலை மட்டும் எக்ஸெலில் திறந்து சேமிக்காதீர்கள், தேதியில் நாளும் மாதமும் இடம் மாறிவிடலாம்.

மொத்த மரணங்களை முதலில் கிராஃபாகப் போட்டுப் பாருங்கள். 1995 ஜூலையில் ஒரு கோடு மட்டும் செங்குத்தாக எழும்பி நிற்கும். பதிவுப் பிழை என்று அதை அழித்துவிடாதீர்கள். 700-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட வெப்ப அலை அது. வெயிலும் சூடும் ஏறினால் ஓசோனும் ஏறும். மாடலில் வெப்பநிலை இல்லாவிட்டால் சூடு செய்த கொலைக்கு ஓசோன் மேல் பழி விழும்.

காலப்போக்கைக் கழிப்பது

எண்ணிக்கை என்பதால் பாய்சான் ரிக்ரஷன். பாய்சான், பரவற்படியும் (எண்கள் சிதறும் அளவு) சராசரியும் சமம் என்று கருதும். நிஜ டேட்டாவில் பரவற்படி சராசரியைவிடப் பெரிதாக இருக்கும், ஆகவே ஜிஎல்எம் கட்டளையில் குவாசி பாய்சான் என்று கொடுங்கள். முதல் முயற்சியாக மூச்சுக்கோளாறு மரணத்தை ஓசோனோடு மட்டும் பொருத்திப் பாருங்கள். ஓசோனின் கெழு (கோஎஃபிஷியன்ட்) எதிர்மறையாக வரும். ஓசோன் கூடினால் சாவு குறைகிறது என்று அர்த்தமாகிவிடும்! காரணம் எளிது: மூச்சுக்கோளாறு மரணங்கள் குளிர்காலத்தில் அதிகம், ஓசோன் கோடையில் அதிகம். ஆஸ்துமாவிலும் இதே சிக்கல் வேறு உருவில் வரும். வட அமெரிக்காவில் பள்ளி திறந்ததும் சளிக் கிருமி பரவி, செப்டம்பரில் குழந்தைகளின் ஆஸ்துமா எகிறும். ஓசோன் அப்போது இறங்குமுகத்தில் இருக்கும்.

அதிகம் பேர் சிக்கிக்கொள்வது இங்கேதான். நானும் இந்தப் படியில்தான் அதிக நேரம் உட்கார்ந்தேன். தீர்வு, தேதியை வைத்து ஒரு ஸ்ப்லைன் சேர்ப்பது. ஸ்ப்லைன்ஸ் பேக்கேஜில் உள்ள என்எஸ் கட்டளை போதும். எவ்வளவு வளைய விடுவது என்பதுதான் கேள்வி. அதற்கான எண்ணை டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் என்பார்கள். ஆண்டுக்கு 7 என்பது இத்துறையில் பரவலான வழக்கம், 14 ஆண்டுக்கு 98. ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு மேல் நீளும் ஏற்ற இறக்கங்களை இது கழித்துவிடும். மிஞ்சுவது அன்றாட அசைவு, நமக்கு வேண்டியதும் அதுதான். ஆண்டுக்கு 30 என்று வைத்தால் மாசின் விளைவையே ஸ்ப்லைன் விழுங்கிவிடும். 4, 7, 10 மூன்றையும் ஓட்டி, மூன்று விடைகளையும் அறிக்கையில் போடுங்கள். கிழமையையும் வெப்பநிலையின் ஸ்ப்லைனையும் கூடவே சேர்க்க வேண்டும்.

இது வெறும் கணக்கு நுணுக்கம் அல்ல. 1996 ஒலிம்பிக்ஸின்போது அட்லாண்டாவில் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தினார்கள். 17 நாள் போட்டியை முன்னும் பின்னும் நான்கு வாரங்களோடு ஒப்பிட்டு, 2001-இல் ஓர் ஆய்வு வந்தது: ஓசோன் 27.9 சதவீதம் குறைவு, மெடிக்கெய்ட் (குறைந்த வருமானத்தாருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பதிவுகளில் குழந்தைகளின் ஆஸ்துமா அவசரங்கள் 41.6 சதவீதம் குறைவு. உலகமே இதை மேற்கோள் காட்டியது. 2010-இல் வேறொரு குழு, பிற ஆண்டுகளின் அதே நாட்களையும் அண்டை நகரங்களையும் சேர்த்துப் பார்த்தது. அமெரிக்கத் தென்கிழக்கின் மற்ற ஊர்களிலும் அப்போது ஓசோன் இறங்கியிருந்தது. பருவப்போக்கைக் கழித்ததும் அவசரப் பிரிவு வருகை குறைந்ததற்கான சான்று கிட்டத்தட்ட கரைந்துபோனது. மாசு குழந்தைகளைப் பாதிக்கவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. 17 நாட்களை வைத்து அதை நிறுவ முடியாது, அவ்வளவுதான். இத்தனை பெரிய விஷயத்தைப் பலவீனமான மாடலில் ஏற்றினால், எதிர்த்தரப்பு அதை ஒரே அடியில் சாய்த்துவிடும்.

லேக், பிறகு விடை

இன்றைய புகை நாளைக்கும் மறுநாளும்கூட மூச்சை இழுக்க வைக்கலாம். எத்தனை நாள் லேக் என்பதை ஓட்டுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். பத்து லேக்கை ஓட்டிவிட்டு அழகான பி மதிப்பை (விளைவே இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படி வரும் வாய்ப்பு) பொறுக்குவது ஏமாற்று. பல நாட்களைச் சேர்த்துப் பார்க்க டிஎல்என்எம்மின் கிராஸ்பேசிஸ் கட்டளை இருக்கிறது.

கெழு 0.0005 வந்தால் 10-ஆல் பெருக்கி அடுக்கேற்றுங்கள் (ஆரில் எக்ஸ்ப் கட்டளை): 1.005. அதாவது 10 அலகு மாசுக்கு அரை சதவீதம் கூடுதல். நம்பிக்கை இடைவெளியையும் (கெழுவின் கீழ், மேல் எல்லைகள்) இதே வழியில் மாற்றி, இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

பின்சேர்க்கை (கருத்துப் பெட்டியில் வந்தவை)

ஒருவருடைய மருத்துவமனைப் பதிவேட்டில் சில தேதிகளே இல்லை. யாரும் வராத நாளுக்குப் பதிவேட்டில் வரி இருக்காதே! அட்லாண்டா ஆய்வில் போட்டி நாட்களில் ஆஸ்துமா அவசரங்களின் சராசரி நாளுக்கு 2.47. அந்தச் சராசரிக்குப் பாய்சான் கணக்குப்படி நூறு நாளில் எட்டு நாளாவது பூஜ்ஜியம். அவை விடுபட்டால் சராசரி பொய்யாகும், லேக்கும் தப்பான தேதியைப் பிடிக்கும். முதலில் முழு நாட்காட்டியை உருவாக்கி, அதில் பதிவேட்டை இணைத்து, வெற்றிடத்தில் 0 இடுங்கள். மாசுப் பத்தியில் மட்டும் இதைச் செய்யவே கூடாது. கருவி ஓடாத நாள் சுத்தமான நாள் ஆகாது, அங்கே என்ஏ (டேட்டா இல்லை என்ற குறி) அப்படியே இருக்கட்டும்.

ரெசிஜுவல் (நிஜ எண்ணுக்கும் மாடல் சொன்ன எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்) கிராஃப் வரையும்போது நீளம் பொருந்தவில்லை என்று எரர் வருவதும் இந்த என்ஏ நாட்களால்தான். ஜிஎல்எம் அந்த வரிகளைச் சத்தமில்லாமல் விட்டுவிடுகிறது. என்ஏ ஆக்‌ஷன் என்ற இடத்தில் என்ஏ எக்ஸ்க்ளூட் கொடுத்தால், விட்ட நாட்கள் வெற்றிடமாகவே திரும்பி வந்து தேதியோடு பொருந்தும்.