ஹேட்ச் கவர் கசிவு: ரப்பருக்கு முன் பேடைப் பாருங்கள்

பல்க் கேரியரில் (தானியம், தாது போன்றவற்றை மொத்தமாக ஏற்றும் கப்பல்) சீஃப் ஆபிசராக இருந்தபோது, ஒரு ஹோல்டில் (சரக்கு அறை) ஹேட்ச் கவர் (அதன் மேல்மூடி) ஓரமாகக் கடல்நீர் கசிந்த தடம் கண்டேன். அடுத்த சரக்கு கோதுமை. நனைந்தால் பூசணம்தான்.

மூடி ஓரத்தில் நீர் புகாமல் அடைக்கும் ரப்பரை மாற்றலாம் என்றார்கள். நான் முதலில் சாக் டெஸ்ட் செய்தேன். ரப்பர் அழுந்தி உட்காரும் இரும்புப் பட்டையான கம்ப்ரெஷன் பாரில் சாக்பீஸ் தேய்த்து, மூடிப் பூட்டித் திறந்தால், ரப்பரில் வெள்ளைக் கோடு விடாமல் பதிய வேண்டும். ஒரு மூலையில் ரப்பர் ஆழமாக நசுங்கியிருந்தது. எதிர் மூலையில் கோடே இல்லை. காரணம், மூடியின் எடையைத் தாங்கும் பேரிங் பேடுகள் ஒருபக்கம் தேய்ந்து, மூடி அந்தப் பக்கம் தாழ்ந்திருந்தது. அந்த நிலையில் புது ரப்பர் போட்டாலும் சீக்கிரமே நசுங்கிவிடும்.

துறைமுகத்தில் பேடுகளை வரைபடத்தில் உள்ள உயரத்துக்குக் கொண்டுவந்தோம். பிறகே ரப்பர், ஒட்டுப்போடாமல் மூலைக்கு மூலை முழு நீளமாக. பழைய ரப்பருக்கு அடியில் கயிறு திணித்து உயர்த்துவதை நான் ஒருபோதும் அனுமதிப்பதில்லை. வடிகாலில் நீர் திரும்பி உள்ளே வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வில் அடைத்திருந்த பழைய தானியத்தையும் எடுத்தோம்.

சாக் கோடு தொடுகையை மட்டுமே காட்டும், அழுத்தத்தைக் காட்டாது. அதனால் ஹோல்டுக்குள் மீயொலி எழுப்பி, மூடிய ஹேட்சின் ஓரமாக எவ்வளவு ஒலி கசிகிறது என்று வெளியே அளக்கும் அல்ட்ராசோனிக் டெஸ்டும் எடுத்தோம். அந்த ஒலி, ஹேட்ச் திறந்திருக்கும்போது கிடைக்கும் அளவில் 10 சதவீதத்துக்கும் கீழே வந்த பிறகுதான் சரக்கு ஏற்றச் சம்மதித்தேன்.